'கெட்' என்ற ஆங்கில வினையைத் தமிழிலிருந்து பிடிப்பது எப்படி

மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே, மேல பெருமாள் மேஸ்திரி வீதியில் உள்ள ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், மாலை வேளைகளில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறார். ஒரு நாள் அவரிடம் வெளிநாட்டுப் பயணி ஒருவர், 'கேன் யூ கெட் மீ அன் ஆட்டோ?' என்று கேட்டிருக்கிறார். 'கெட்' என்றால் 'பெறு' என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருந்த இவருடைய காதில் அது, 'எனக்காக ஓர் ஆட்டோவைப் பெற முடியுமா?' என்று விழுந்திருக்கிறது. வந்த மறுநாளே சொந்தமாக ஆட்டோ வாங்கத் துடிக்கும் பயணியை முதன்முதலாகப் பார்த்த திகைப்பில் அவர் நின்றுகொண்டிருக்க, பக்கத்தில் இருந்த காவலாளி, ஆங்கிலம் ஒரு வரியும் படிக்காதவர், தெருவுக்குப் போய் ஓர் ஆட்டோவைக் கூட்டிவந்துவிட்டார். பயணி கேட்டது, 'ஓர் ஆட்டோ பிடித்துக் கொடுங்கள்' என்பதைத்தான்.

இந்தத் திகைப்புக்கு அந்த இளைஞரைக் குறை சொல்ல மாட்டேன். 'பெறு' என்ற சொல்லை மதுரையில் யார் எப்போது பேசுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரசீதின் அடியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடும்போதும், விழா மேடையில் பரிசு பெற வருமாறு பெயர் வாசிக்கும்போதும், பிள்ளை பெற்றதைச் சொல்லும்போதும் தவிர அது நம் வாயில் வருவதே இல்லை. ஆங்கிலேயர்களோ 'கெட்' என்பதைக் காலையில் எழுந்ததிலிருந்து இரவு வீடு திரும்பும்வரை புழங்குகிறார்கள். நாள் முழுவதும் புழங்கும் சொல் ஒன்றை, பத்திரத்தில் மட்டும் வாழும் சொல் ஒன்றால் பெயர்த்துப் படித்ததுதான் சிக்கலின் வேர். ஆகவே 'கெட்' என்பதன் பொருள் என்ன என்று அகராதியில் தேடுவதை விட்டுவிட்டு, நாம் தினமும் சொல்லும் தமிழ் வாக்கியங்களில் எவையெவை ஆங்கிலத்தில் 'கெட்' ஆக மாறும் என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதே என் வழி. அந்த வாக்கியங்களை அவற்றின் முடிவில் வரும் வினையை வைத்து அடையாளம் காணலாம்: கிடைத்தது, வாங்கினேன், ஆகிவிட்டது, போய்ச் சேர்ந்தேன், கொடுத்துச் செய்துகொண்டேன்.

அதற்கு முன் ஒலியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இதன் முதல் எழுத்தை 'கல்' என்பதில் உள்ள ககரமாக ஒலிக்காமல், 'தங்கம்' என்பதில் ஙகர ஒற்றுக்குப் பின் வரும் மெலிந்த ககரமாக ஒலிக்க வேண்டும். இறுதியில் உகரம் சேர்க்கக் கூடாது. பட்டு, எட்டு, கட்டு என்று வல்லின மெய்க்குப் பின் குற்றியலுகரம் வைத்தே பழகிய நாக்கு நம்முடையது என்பதால், 'கெட்டு' என்று சொல்லிவிடுவது இயல்பே; ஆனாலும் டகர ஒற்றிலேயே நிறுத்தப் பழக வேண்டும். இறந்தகால வடிவம் 'காட்'. தமிழில் எழுதினால் கடவுளைக் குறிக்கும் சொல்லும் இதுவும் ஒன்றுபோலவே தெரியும். கடவுளைக் குறிக்கும் சொல்லின் முடிவில் 'வண்டி' என்பதில் வரும் மெலிந்த டகரமும், இதன் முடிவில் 'பட்டு' என்பதில் வரும் வல்லென்ற டகரமும் ஒலிக்கும்.

எனக்குக் கிடைத்தது

தமிழில் 'எனக்கு வேலை கிடைத்தது' என்கிறோம். இங்கே எழுவாய் வேலை. நான் வெறும் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். வேலை தானாக நடந்து வந்து என்னிடம் சேர்ந்ததுபோல் நம் மொழி சொல்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ காட் எ ஜாப்' என்று, வாங்கியவர் தலைவாசலில் வந்து நிற்கிறார். 'கு' உருபை ஏற்று நிற்கும் ஆளை எழுவாயாக்கி முன்னே கொண்டுவந்து, பின்னால் 'கெட்' சேர்ப்பதுதான் இந்த முதல் வகையின் முழு ரகசியம். எனக்கு ஒரு கடிதம் வந்தது என்பது 'ஐ காட் எ லெட்டர்'. அவளுக்குச் சளி பிடித்தது என்பது 'ஷி காட் எ கோல்ட்'. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்பது 'மை ஃபாதர் காட் ஆங்க்ரி'. தமிழில் கிடைத்தது, வந்தது, பிடித்தது என்று வினை மாறிக்கொண்டே போக, ஆங்கிலத்தில் ஒரே சொல் எல்லாவற்றையும் சுமக்கிறது. 'எனக்குப் புரிந்துவிட்டது' என்பதுகூடப் பேச்சில் 'ஐ காட் இட்' ஆகிவிடுகிறது.

ஆனால் 'எனக்கு' என்று தொடங்கும் எல்லா வாக்கியமும் இந்தப் பக்கம் வராது. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும் என்பவற்றுக்கு ஆங்கிலத்தில் தனித்தனி வினைகள் இருக்கின்றன. புதிதாக ஒன்று நம்மிடம் வந்து சேர்ந்ததா, ஒரு மாற்றம் நிகழ்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் மட்டும் 'கெட்' பொருந்தும்.

கடைப்பலகைகளில் காணும் 'இங்கே இட்லி மாவு கிடைக்கும்' என்ற வாக்கியம் இன்னும் சுவையானது. அதில் ஆளே இல்லை. ஆங்கிலமோ இந்தப் பொருளில் ஆள் இல்லாமல் 'கெட்' சொல்லாது. 'நல்ல ஜிகர்தண்டா எங்கே கிடைக்கும்?' என்று நாம் கேட்பதை, 'வேர் கேன் ஐ கெட் எ குட் ஜிகர்தண்டா?' என்று, தமிழில் இல்லாத 'நான்' ஒன்றை உள்ளே நுழைத்துத்தான் கேட்க வேண்டும். வழி சொல்பவரும் 'யூ கேன் கெட் இட் நியர் த விளக்குத்தூண்' என்று, கேட்டவரையே எழுவாயாக்கிப் பதில் சொல்வார். தேனிக்கு ஆரப்பாளையத்தில்தான் பஸ் கிடைக்கும் என்பதையும் இப்படியே, 'யூ கெட் த பஸ் டு தேனி அட் ஆரப்பாளையம்' என்று சொல்லலாம்.

இந்த வகையில்தான் நம்மவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழையும் இருக்கிறது. 'எனக்கு லீவு கிடைக்கவில்லை' என்பதை 'ஐ டிட் நாட் காட் லீவ்' என்று எழுதிக் கொண்டுவருபவர்களைத் திருத்தித் திருத்தியே என் சிவப்பு மையில் பாதி தீர்கிறது. 'டிட்' என்பதே இறந்தகாலத்தைச் சுமந்துகொண்டு வந்துவிட்டது. அதன் பின்னால் நிற்கும் வினை காலம் காட்டத் தேவையில்லை. 'கிடைக்கவில்லை' என்ற தமிழ்ச் சொல்லையே பாருங்கள்: அதில் 'கிடைத்த' என்ற இறந்தகாலம் எங்கும் இல்லை. 'கிடைத்தவில்லை' என்று நாம் சொல்வதில்லை அல்லவா. அதுபோலத்தான் 'டிட் நாட்' என்பதன் பின்னால் 'காட்' வராமல் 'கெட்' வருவதும். கேள்வியிலும் இதே கதைதான்: 'டிட் யூ கெட் த டிக்கெட்?'

வாங்குவதும் திட்டு வாங்குவதும்

'கெட்' என்ற சொல்லுக்குத் தமிழில் மிக நெருங்கிய உறவுக்காரர் யார் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் 'வாங்கு' என்பேன். கடையில் பூ வாங்குவது, பரீட்சையில் மார்க் வாங்குவது, வங்கியில் கடன் வாங்குவது, வீட்டில் அடி வாங்குவது, வாத்தியாரிடம் திட்டு வாங்குவது என்று பணம் கொடுத்ததையும் கொடுக்காததையும், விரும்பியதையும் விரும்பாததையும் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கியிருக்கிறோம். ஆங்கிலமும் அப்படியே அடக்குகிறது: 'ஹி காட் எய்ட்டி மார்க்ஸ்', 'ஷி காட் எ லோன்', 'ஐ காட் எ ஸ்கோல்டிங்'. முதலாளி ஆட்களிடம் நன்றாக வேலை வாங்குகிறார் என்பதற்குக்கூட, 'ஹி கெட்ஸ் எ லாட் ஆஃப் வொர்க் அவுட் ஆஃப் பீப்பிள்' என்று ஒத்த வாக்கியம் அங்கே இருக்கிறது. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை அல்ல. ஆனாலும் இப்படி ஒத்துப்போவதைக் காணும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

விலையும் பணமும் முக்கியமாக இருக்கும் இடத்தில் 'பை' என்று சொல்வது தெளிவு. பொருள் கைக்கு வந்ததுதான் செய்தி என்றால் 'கெட்' போதும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று பேசும்போது 'பை'. வரும்போது பூ வாங்கி வா என்று மகனிடம் சொல்லும்போது 'கெட் சம் ஜாஸ்மின் ஆன் த வே' என்பது இயல்பு. இங்கே வாங்குவதும் கொண்டுவருவதும் ஒரே சொல்லில் சேர்ந்துவிடுகின்றன. அந்த விடுதி இளைஞரைத் திகைக்கவைத்த 'கெட் மீ' என்ற அமைப்பும் இதுதான்: 'கெட்' என்பதை அடுத்து ஆள், ஆளை அடுத்துப் பொருள். 'எனக்கு ஒரு காபி கொண்டுவாருங்கள்' என்பது 'ப்ளீஸ் கெட் மீ எ காஃபி'.

உறவு நெருக்கமானது என்பதற்காக எல்லா 'வாங்கு'வையும் கொண்டுபோய் ஒட்டவைக்கவும் கூடாது. அழகர் மலை ஏறும்போது நமக்கு மூச்சு வாங்கும்; ஆங்கிலத்தில் அங்கே 'ஐ ஆம் அவுட் ஆஃப் ப்ரெத்' என்பார்கள். நண்பரிடம் கைமாற்றாக வாங்கியது 'பாரோ'. நல்ல பெயர் வாங்குவதற்கு 'எர்ன்' பொருத்தமானது.

ஆகிவிட்டது, போய்விட்டது

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளன்று, தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சும் பக்தர்களுக்கு நடுவே ஒரு முறை நடந்து வந்தால், 'நனைந்துவிட்டேன்' என்று சொல்லாமல் இருக்க முடியாது. தமிழில் நனைவது ஒரே வினை. ஆங்கிலத்திலோ ஈரம் என்ற நிலையை ஒரு பெயரடையாக வைத்து, அந்த நிலைக்கு மாறியதை 'கெட்' சொல்கிறது: 'ஐ காட் வெட்'. கூட்டத்தில் பையன் தொலைந்துபோனான் என்றால் 'த பாய் காட் லாஸ்ட் இன் த க்ரவுட்'. நடந்து நடந்து களைத்துப்போனோம் என்றால் 'வி காட் டயர்ட்'. இருட்டுகிறது என்றால் 'இட் இஸ் கெட்டிங் டார்க்'. நேரமாகிறது என்றால் 'இட் இஸ் கெட்டிங் லேட்'. நனை, தொலை, களை, இருட்டு என்று தமிழ் தன் வினைகளுக்குள்ளேயே மாற்றத்தை ஒளித்துவைத்திருக்கிறது. மொழிபெயர்க்கும்போது அந்த வினையை நிலை ஒன்று, மாற்றம் ஒன்று என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

நிலைக்கும் மாற்றத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு கல்யாணப் பேச்சில் நன்றாக விளங்கும். 'அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?' என்று நாம் கேட்பது நிலையைப் பற்றி; ஆகவே 'இஸ் ஹி மேரிட்?' என்று கேட்டால் போதும். 'எப்போது கல்யாணம் ஆயிற்று?' என்பது நிகழ்ச்சியைப் பற்றி. அப்போதுதான் 'வென் டிட் ஹி கெட் மேரிட்?' வரும். யாரோடு என்று சொல்லும்போது நம் 'ஓடு' உருபை நினைத்து 'மேரிட் வித்' என்று சொல்லிவிடுகிறோம். அங்கே 'மேரிட் டு' என்பதே வழக்கு. இன்னொன்றும் உண்டு. வெளியூர் நண்பருக்கு மீனாட்சி திருக்கல்யாணத்தை விளக்கும்போது 'மீனாட்சி காட் மேரிட்' என்று சொன்னால் இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தைச் சொல்வதுபோல் இருக்கும். 'கெட்' வீட்டு உடுப்பில் இருக்கும் சொல். மேடைப் பேச்சிலும், விண்ணப்பத்திலும், அலுவலகக் கடிதத்திலும் அதை உள்ளே வைத்துவிட்டு, 'ரிசீவ்', 'அப்டெய்ன்', 'பிகம்' ஆகியவற்றை அனுப்புவதே மரியாதை. தங்கள் கடிதம் கிடைத்தது என்று மேலதிகாரிக்கு எழுதும்போது 'ஐ ஹாவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர்' என்றே எழுதுங்கள்.

தோசை ஆறிப்போனால் 'த தோசை ஹாஸ் காட் கோல்ட்'. பால் கெட்டுப்போனால் மட்டும், காதுக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், 'கெட்' வராது. 'த மில்க் ஹாஸ் கான் பேட்' என்று, 'கோ' என்ற வினையைத்தான் ஆங்கிலம் அங்கே வைக்கிறது. பைத்தியம் பிடிப்பதும், கண் பார்வை போவதும், தலை வழுக்கையாவதும் அப்படியே 'கோ' வகை. கெட்டுப்போயிற்று, பார்வை போயிற்று என்று நாமும் அந்த இடங்களில் 'போ' என்ற வினையைத்தானே வைக்கிறோம்? திரும்பி வராத வழியில் போனவற்றுக்கு இரண்டு மொழிகளும் 'போ' என்கின்றன என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். தொலைந்துபோவதும் களைத்துப்போவதும் 'கெட்' பக்கம் நிற்பதால், இதை விதியாக அல்லாமல் நினைவுக்கு ஒரு பிடிமானமாக மட்டும் கொள்ளுங்கள்.

ஏறுவதும் இறங்குவதும் போய்ச் சேர்வதும்

'ஹௌ டு ஐ கோ டு மாட்டுத்தாவணி?' என்று கேட்டாலும் வழி சொல்வார்கள். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் பெரும்பாலும் 'ஹௌ டு ஐ கெட் டு மாட்டுத்தாவணி?' என்றுதான் கேட்பார். 'கோ' புறப்பட்டுப் போவதைச் சொல்கிறது. 'கெட்' போய்ச் சேர்வதைச் சொல்கிறது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்பது 'ஐ காட் ஹோம்'. இதில் 'டு' கிடையாது. 'ஹியர்', 'தேர்' என்பவற்றுக்கும் முன்னால் 'டு' போடக் கூடாது.

ஏறி இறங்குவதற்கு ஒரு கணக்கு உண்டு. பஸ், ரயில், விமானம்போல் உள்ளே நின்று நடக்கக்கூடிய வண்டிகளுக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. கார், ஆட்டோபோல் குனிந்து நுழைந்து உட்காரும் வண்டிகளுக்கு 'கெட் இன்', 'கெட் அவுட்'. பைக், சைக்கிள்போல் மேலே ஏறி உட்காருபவை பஸ்ஸின் பக்கம் சேரும். இந்த இடத்தில் 'கெட் டவுன்' என்ற நம் ஊர் வழக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இறங்கு என்பதில் கீழே என்ற பொருள் இருப்பதால், 'ஐ வில் கெட் டவுன் அட் ஆரப்பாளையம்' என்று நாம் சொல்கிறோம். கோரிப்பாளையம் முதல் திருமங்கலம்வரை எந்த நடத்துனருக்கும் அது விளங்கும், இந்தியாவுக்குள் யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ 'கெட் டவுன்' என்றால் மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ கீழே வருவதாக, அல்லது ஆபத்து நேரத்தில் குனிந்து படுத்துக்கொள்வதாக எடுத்துக்கொள்வார்கள். ஊருக்குள் பேசுபவர்களை நான் திருத்துவதில்லை. தேர்வுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறவர்களிடம் மட்டும் 'கெட் ஆஃப்' என்று பழகச் சொல்கிறேன்.

பிறர் கையால் செய்துகொள்வது

'சட்டை தைத்திருக்கிறேன், முடி வெட்டியிருக்கிறேன்' என்று தமிழில் நாம் தாராளமாகச் சொல்லிக்கொள்கிறோம். தைத்தது தையற்காரர், வெட்டியது சலூன்காரர் என்பது கேட்பவருக்குத் தெரியும். இதை அப்படியே 'ஐ ஸ்டிச்ட் எ ஷர்ட்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், தையல் தெரிந்தவர் என்று நம்மை நினைத்துவிடுவார்கள். பிறர் கையால் செய்துகொண்டதைச் சொல்ல 'கெட்' என்பதன் பின்னால் முதலில் பொருளையும், அதன் பின்னால் வினையின் முற்றுப்பெற்ற வடிவத்தையும் வைக்க வேண்டும். சுங்குடிச் சேலைக்குப் பொருத்தமாக ரவிக்கை தைக்கக் கொடுத்து வாங்கியவர், 'ஐ காட் எ ப்ளவுஸ் ஸ்டிச்ட்' என்று சொல்ல வேண்டும். பைக்கை சர்வீஸுக்கு விட்டவர், 'ஐ காட் மை பைக் சர்வீஸ்ட்' என்று சொல்ல வேண்டும். வரிசை மாறி 'ஐ காட் ஸ்டிச்ட்' என்று தொடங்கிவிட்டால், தையல் போட்டது ரவிக்கைக்கா உடம்புக்கா என்ற சந்தேகம் வந்துவிடும்.

புது மண்டபத்தில் தையல் மெஷின்களோடு நெடுங்காலம் இருந்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறியிருக்கும் கடைகளில், தீபாவளிக்கு முதல் வாரம் அவசரத் தையல் கேட்டு நின்றவர்களுக்கு அடுத்த அமைப்பும் தேவைப்படும். டெய்லரிடம் கெஞ்சி ஒரே நாளில் தைக்கவைத்தேன் என்பது 'ஐ காட் த டெய்லர் டு ஸ்டிச் இட் இன் எ டே'. ஆளைச் சொன்னால் அதன் பின் 'டு' வந்து, வினை இயல்பான வடிவில் நிற்கும். கெஞ்சல், வற்புறுத்தல், பேசி இணங்கவைத்தல் என்று கொஞ்சம் பாடுபட்ட சாயல் இதில் இருக்கிறது.

'ஹாவ் காட்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'ஐ ஹாவ் காட் சேஞ்ச்' என்றால் சில்லறை இருக்கிறது என்று மட்டுமே பொருள். 'ஐ ஹாவ் காட் டு கோ' என்றால் போயாக வேண்டும் என்று பொருள். அமெரிக்கர்கள் 'காட்டன்' என்றொரு மூன்றாம் வடிவத்தையும் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மிஷன் மதுரைக்கு 1834இலேயே வந்து, 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி இன்றும் கோரிப்பாளையம் பக்கம் நின்றுகொண்டிருந்தாலும், நம் பள்ளிப் பாடங்கள் பிரிட்டிஷ் வழக்கையே பின்பற்றுவதால், தேர்வில் 'காட்' என்றே எழுதுவது பாதுகாப்பு.

பழகுவதற்கு, ஒரு நாளின் நடப்பைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொரு வினையாக மாற்றிப் பாருங்கள். நான் வகுப்பில் கொடுக்கும் பத்தி இது: 'காலையில் எழுந்தபோதே நேரமாகியிருந்தது. பஸ் கிடைக்கவில்லை. ஆட்டோவில் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கினேன். மழையில் நனைந்தேன். முதலாளியிடம் திட்டு வாங்கினேன். மதியம் அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டேன். இருட்டியபின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். காலையில் வைத்துவிட்டுப் போன பால் கெட்டுப்போயிருந்தது.'

எழுந்தது 'காட் அப்'. ஏற்கனவே நேரமாகியிருந்தது ஒரு நிலை என்பதால் 'இட் வாஸ் ஆல்ரெடி லேட்'. பஸ் கிடைக்காதது 'ஐ டிட் நாட் கெட் எ பஸ்'. ஆட்டோ குனிந்து ஏறும் வண்டி. ஆகவே 'ஐ காட் இன்டு அன் ஆட்டோ அண்ட் காட் அவுட் அட் ஆரப்பாளையம்'. நனைந்தது 'ஐ காட் வெட்'. திட்டு 'ஐ காட் எ ஸ்கோல்டிங் ஃப்ரம் த பாஸ்'. செருப்பைத் தைத்தவர் வேறொருவர் என்பதால் 'ஐ காட் மை சாண்டல் ஸ்டிச்ட்'. வீடு சேர்ந்தது, 'டு' இல்லாமல், 'ஐ காட் ஹோம் ஆஃப்டர் டார்க்'. கடைசி வாக்கியத்தில் வகுப்பே ஒரே குரலில் 'த மில்க் காட்' என்று தொடங்கும். விடுதி இளைஞர் மட்டும் கையை உயர்த்தி, 'இல்ல சார், பால் போயிருச்சு' என்று சொல்லிவிட்டு, 'த மில்க் ஹாட் கான் பேட்' என்று எழுதினார்.